இரவில் பிள்ளை இருமுகிறதா? கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தொடர்மாடியில் சிறுபிள்ளை இல்லாத வீடு குறைவு. மழைக்காலம் தொடங்கினால் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், காலையில் லிஃப்டில் சந்திக்கும் தாய்மாரும் அம்மம்மாமாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். நான் வைத்தியர் இல்லை. இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையின் தாய், பிள்ளையைப் பார்க்கும் டொக்டரிடம் விடாமல் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழேயுள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான் வரும்: இருமல் சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட, இரண்டு இருமலுக்கு இடையில் பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது என்பதைப் பாருங்கள்.

பகல் முழுக்க ஓடியாடித் திரிகிற பிள்ளை, படுத்ததும் ஏன் இருமத் தொடங்குகிறது?

பெரும்பாலும் மூக்குச் சளிதான் காரணம். நிமிர்ந்து இருக்கும்போது மூக்கால் வெளியே வருவதும் தெரியாமலே விழுங்கப்படுவதுமாக இருக்கும் சளி, படுத்ததும் மூக்கின் பின்பக்கமாகத் தொண்டைக்கு இறங்கும். அங்கே அது கூச்சம் உண்டாக்க, உடம்பு இருமி அதைத் தள்ளுகிறது. அதனால்தான் படுத்த முதல் அரை மணித்தியாலமும், காலையில் எழும்பும் நேரமும் மோசமாக இருக்கும்.

நடுச்சாமம் தாண்டி, விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் வரும் இருமல் கொஞ்சம் வேறு. எங்கள் எல்லோருக்குமே அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் சற்றுச் சுருங்கும், வீக்கத்தை அடக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனும் இரவில் குறைவாகவே இருக்கும். சாதாரணப் பிள்ளைக்கு இது தெரியாது, இழுப்புத் தன்மை உள்ள பிள்ளைக்குத் தெரியும். இவற்றோடு படுக்கை அறையில் இருக்கும் தூசி, நுளம்புச் சுருள் புகை எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இருமல் என்பது நுரையீரலைக் காக்கிற காவல். அதை அடக்குவதற்கு முன் அது எதைத் தள்ளப் பார்க்கிறது என்று யோசிப்பது நல்லது.

எந்த நிலையில் விடியும்வரை காத்திருக்கக்கூடாது?

மற்றதையெல்லாம் விட்டாலும் இந்தப் பதிலை வாசியுங்கள், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள்.

பிள்ளை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூக்கத்தில், சட்டையை மேலே தூக்கிவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். ஃபோனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கவேண்டாம், சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒழுங்காக இருக்காது, முழு நிமிடமும் எண்ணவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. காய்ச்சல் ஏறியிருக்கும்போது கொஞ்சம் கூடும்தான், ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகும் அப்படியே இருந்தால் அன்றைக்கே காட்டவேண்டும்.

வேகத்தைவிட ஆபத்தானது இழுபாடு. மூச்சு உள்ளே எடுக்கும்போது விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியோ, விலாக்களுக்கு இடைப்பட்ட தசையோ, கழுத்துக்குழியோ உள்ளே குழிந்து போகிறதா? மூக்கு விடைக்கிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா? உதடோ நாக்கோ நீலம் பாய்ந்திருக்கிறதா? அமைதியாகப் படுத்திருக்கும்போதும் மூச்சை உள்ளே இழுக்கையில் கரகரவென்று சத்தம் வருகிறதா? பால் குடிக்க முடியாமல், ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் திணறுகிறதா? தட்டி எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறதா? மூச்சு இடையிடையே நின்று போகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே புறப்படவேண்டும். சனல் பண்ணி இலக்கம் எடுத்து நாளைக்குப் பின்னேரம் போகலாம் என்று யோசிக்கிற நேரம் இது இல்லை.

1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இரவிலும் வரும். கொழும்புக்குள் இருப்பவர்களுக்குப் பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, அதன் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கும். பிள்ளை கறுத்து, நீலம் பாய்ந்து, மயங்கும் நிலையில் என்றால் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பார்க்கவேண்டாம், கிட்ட இருக்கிற அவசரப் பிரிவுக்கே போங்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் எனக்கு இன்னும் பயம் அதிகம். அந்த வயதில் பால் குடிக்கும் அளவு பாதியாகக் குறைவதே பெரிய அறிகுறி. இருமலோடு காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் காட்டவேண்டும்.

இரண்டு கிழமையாக இருமுகிறது. இது சாதாரணமா?

பிள்ளை உற்சாகமாக இருந்து, சாப்பிட்டு, மூச்சும் நன்றாக இருந்து, இருமல் நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைந்துகொண்டு வந்தால் சாதாரணம்தான். தடிமனோடு வரும் இருமல் ஐந்து நாளில் போய்விடும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம், ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் 10 நாளில் சரியாகிறது, பத்தில் ஒன்பது பேர் குணமாக 25 நாள் வரை ஆகிறது. நேர்சரி போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தரம், சிலருக்குப் பத்துத் தரமும் தடிமன் வரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு இருமல் முடிய அடுத்தது தொடங்கும். “என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை” என்று அழும் தாய்மாருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன்.

இடையில் ஒரு நாளாவது இருமலே இல்லாமல் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். இடைவெளியே இல்லாமல் நாலு கிழமை தாண்டினால் அது நாட்பட்ட இருமல், கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். நாலு கிழமை ஈரமாக, சளியோடு கரகரவென்று இருமினால் நுரையீரல் குழாய்களில் கிருமி தங்கியிருக்கலாம். அதற்கு டொக்டர் ஒரு தொடர் அன்டிபயோட்டிக் கொடுப்பார், முழுதாக முடித்தால் பெரும்பாலும் நன்றாகச் சரியாகும்.

இருமலை நிறுத்த என்ன பாணி கொடுக்கலாம்?

பார்மசியில் போய் “பிள்ளைக்கு இருமல், ஒரு பாணி தாங்கோ” என்று கேட்டால் கட்டாயம் ஒரு போத்தல் கிடைக்கும். வேண்டாம் என்பதுதான் என் பதில். இருமலை அடக்கும் மருந்து, சளியைக் கரைக்கும் மருந்து, மூக்கடைப்பு மருந்து எல்லாம் கலந்த அந்தப் பாணிகள் சின்னப் பிள்ளைகளின் தடிமன் இருமலைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பக்கவிளைவு மட்டும் நிச்சயம் உண்டு: நெஞ்சு படபடப்பு, எரிச்சல், அளவு கூடினால் மூச்சு மந்தம். இங்கிலாந்தில் 2009 முதல் 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தப் பாணிகளைக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2015ல் அறிவித்தது.

பிரிட்டோன் போன்ற தூக்கம் வரும் மருந்தைக் கொடுத்தால் பிள்ளை தூங்குகிறதே என்பார்கள். தூங்கும், இருமலில் பெரிய வித்தியாசம் வராது. மூச்சுத் திணறுகிற பிள்ளையை மயக்கிப் படுக்கவைத்தால் திணறல் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அதுதான் எனக்குப் பயம். அலர்ஜி என்று டொக்டர் பார்த்து எழுதித் தந்தால் அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சென்னைக்குப் போய் வருகிறவர்களிடம் “அந்தப் பாணி நல்லாக் கேட்கும்” என்று சொல்லி இருமல் பாணி வாங்கிவரச் சொல்வது எங்கள் ஆட்களிடம் இருக்கும் பழக்கம். 2022ல் காம்பியாவில் மாசுபட்ட பாணிகளால் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள், டைஎத்திலின் கிளைக்கோல் என்ற நச்சு அதில் கலந்திருந்தது. 2025 ஒக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் அதே நச்சு, அதே மாதிரி மரணங்கள், அந்தப் பாணி செய்யப்பட்டது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு மூன்று கிழமையில் தானாகப் போகிற இருமலுக்காக இப்படியொரு ஆபத்தை வீட்டுக்குள் எடுக்கத் தேவையே இல்லை. பெட்டிக்குள் மருந்து வந்தால் அன்பாக வாங்கி, பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுங்கள்.

அப்படியென்றால் தேன் கொடுக்கலாமா?

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கொடுக்கலாம், கடையில் வாங்கும் பாணிகளைவிட இதற்கு ஆதாரம் அதிகம். படுக்க அரை மணித்தியாலம் முன்னால் 5 வயதுவரை அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் ஒரு தேக்கரண்டி. அப்படியே கொடுக்கலாம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்தும் கொடுக்கலாம். பிறகு பல் தீட்டவேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

ஒரு வயதுக்குள் ஒரு துளியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளரச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும். தேனில் குழைத்த சூரணம், தேன் தடவிய சூப்பி எல்லாமே இதற்குள் அடங்கும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

கித்துள் பாணி தேன் இல்லை. பிள்ளைக்குத் தயிரோடு கொடுங்கள், இருமலுக்கு மருந்தாக நம்பவேண்டாம்.

கொத்தமல்லித் தண்ணி, வேர்க்கொம்பு, கற்பூரவள்ளி?

ஒரு வயதுக்கு மேல் மெல்லிய கொத்தமல்லித் தண்ணி இளஞ்சூட்டில் கொடுப்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. இருமலுக்கு இளஞ்சூடாக எது குடித்தாலும் தொண்டைக்கு இதமாக இருக்கும், சளியும் இளகும், அம்மம்மா பக்கத்தில் இருந்து ஊதி ஊதிக் கொடுக்கும்போது பிள்ளையும் ஆறுதலாகக் குடிக்கும். வேர்க்கொம்பும் மிளகும் கூடினால் சின்ன வயிறு எரியும், அதனால் பிள்ளைக்கு என்று தனியாக மெல்லிதாக அவியுங்கள். சமஹான் என்ற மூலிகைப் பானப் பைக்கற்றில் சீனி இருக்கிறது, மிளகு காரமும் இருக்கிறது, பெரியவர்களுக்கே விடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், அடிக்கடி கொடுத்தால் அதுவே போதும்.

மூலிகைச் சாற்றைப் பச்சையாகப் பிழிந்து மூக்கில் விடுவது, குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது இரண்டையும் கட்டாயம் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது ஒரு தனி நியூமோனியா.

விக்ஸ், சித்தாலேப தடவலாமா? ஆவி பிடிக்கலாமா?

இரண்டு வயதுக்குள் தடவவேண்டாம். அதற்கு மேல் நெஞ்சிலும் முதுகிலும் கொஞ்சம் தடவலாம், சில பிள்ளைகளுக்குத் தூக்கம் இலகுவாக வரும். மூக்குத் துவாரத்துக்குள்ளோ மூக்கின் கீழோ தடவக்கூடாது. இவற்றில் கற்பூரம் இருக்கிறது, பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரலாம், ஆகவே டப்பாவைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். இழுப்பு உள்ள சில பிள்ளைகளுக்கு அந்த வாசமே இருமலைக் கிளப்பும்.

கொதிக்கும் தண்ணிப் பாத்திரத்தில் ஆவி பிடிப்பது வேண்டவே வேண்டாம். பயன் நிரூபிக்கப்படவில்லை, பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்து போகிற பிள்ளைகள் உண்டு. மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணித் துளிகள் பார்மசியில் இருக்கின்றன, படுக்கமுன் இரண்டு மூக்கிலும் இரண்டு துளி விட்டால் அதுவே நல்ல வேலை செய்யும்.

சத்தத்தை வைத்து என்ன இருமல் என்று தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். நாய் குரைக்கிற மாதிரி வறண்ட இருமல், குரல் கம்மல், மூச்சு இழுக்கையில் கரகரப்பு, இது பெரும்பாலும் குரூப், அதாவது வைரஸால் குரல்வளை வீங்குவது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை அதிகம் வரும், நடுஇரவில் திடீரென்று தொடங்கும், பார்க்கவே பயங்கரமாக இருக்கும். பிள்ளை அழ அழக் குரல்வளை இன்னும் நெருக்கும், அதனால் முதல் வேலை நிமிர்த்தி மடியில் வைத்து அமைதிப்படுத்துவது. வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காற்றுக்கு வெளியே கொண்டுபோகச் சொல்வார்கள், கொழும்பில் இரவிலும் 25 பாகை, அந்தக் குளிர் எங்களுக்குக் கிடைக்காது. ஒரே ஒரு தரம் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து இதற்கு மிக நன்றாகக் கேட்கும், ஆகவே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூச்சு விட இடமில்லாமல் தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, கடைசியில் சத்தி எடுப்பது கக்குவானாக இருக்கலாம். அதற்கான தடுப்பூசி இங்கே 2, 4, 6 மாதங்களிலும் 18 மாதத்திலும் இலவசமாகப் போடுகிறார்கள். பதிவுப் புத்தகத்தை எடுத்து ஒன்று தவறியிருக்கிறதா என்று பாருங்கள், தவறியிருந்தால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்குக் கக்குவானில் இருமல் சத்தமே வராமல் மூச்சு மட்டும் நிற்பதும் உண்டு.

பகல் முழுக்கச் சத்தமாக இருமி, தூங்கியதும் முழுதாக நின்றுவிடும் இருமல் பழக்கத்தால் வருவதாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

தடிமனோ காய்ச்சலோ இல்லாமல், விளையாடிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்த பிள்ளை சடாரென்று இருமத் தொடங்கினால் தொண்டைக்குள் ஏதும் போயிருக்கலாம் என்று யோசியுங்கள். கச்சான், கடலை, ரம்புட்டான் கொட்டை, புளியங்கொட்டை, சின்னப் பிளாஸ்டிக் துண்டு. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது என்று விட்டால், சில நாள் கழித்து ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இழுப்பும் இரவு இருமலும் வரும். இந்தப் பொருட்களில் பல எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே “எக்ஸ்ரே நோமல்” என்றாலும், அந்தத் திடீர்த் தொடக்கத்தை டொக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இது தடிமனா, இழுப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு இரவைப் பார்த்து யாராலும் சொல்லமுடியாது, மாதக்கணக்கில் பார்க்கவேண்டும். விடியப்புற இருமல் திரும்பத் திரும்ப வருகிறதா? ஓடினால், வாய்விட்டுச் சிரித்தால், அழுதால் இருமுகிறதா? தூசி தட்டும்போது, மழை பெய்து குளிரும்போது கூடுகிறதா? மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வருகிறதா? பிள்ளைக்குக் கரப்பன் இருந்ததா, அம்மா அப்பாவில் யாருக்காவது முட்டு வருத்தமோ தும்மல் அலர்ஜியோ உண்டா? இவற்றில் பல “ஆம்” என்றால் இழுப்பு, அதாவது ஆஸ்துமா, என்று யோசிக்க இடமுண்டு. இழுப்புச் சத்தமே இல்லாமல் வெறும் இருமல் மட்டும் என்றால் ஆஸ்துமாவாக இருக்கும் சாத்தியம் குறைவு, அப்படியான பிள்ளைக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் வென்டோலின் (சல்பியூட்டமோல்) கொடுத்தும் பலன் இருக்காது.

ஐந்து வயதுக்குள் ஊதிப் பார்க்கும் பரிசோதனை சரியாக வராது, அதனால் டொக்டர் கேள்விகளை வைத்தும், மருந்து கொடுத்துச் சில கிழமைகள் பார்த்தும்தான் முடிவெடுப்பார். ஒவ்வொரு தரமும் வேறு வேறு டொக்டரிடம் சனல் பண்ணினால் இந்தக் கதை யாருக்கும் முழுதாகத் தெரியாமல் போகும். ஒருவரிடமே போங்கள்.

பம்ப் அடித்தால் பழகிவிடும் என்கிறார்களே?

பழகாது. இந்த ஒரு பயத்தால் எத்தனை பிள்ளைகள் தூக்கமில்லாமல், விளையாடமுடியாமல், பள்ளிக்கூடம் போகமுடியாமல் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும். பம்பில், அதாவது இன்ஹேலரில், ஒரு தரம் அடிக்கையில் வரும் சல்பியூட்டமோல் 100 மைக்ரோகிராம். அதே மருந்தைப் பாணியாகக் கொடுத்தால் மில்லிகிராம் கணக்கில், அதாவது பத்து மடங்குக்கும் மேலே கொடுக்கவேண்டும், வேலை செய்வதும் மெதுவாக, கை நடுக்கமும் நெஞ்சு படபடப்பும் அதிகம். எது கடுமையான மருந்து என்று நீங்களே சொல்லுங்கள்.

இழுப்பு வந்ததும் மூச்சை இலகுவாக்கும் நிவாரணி ஒன்று, தடுப்பு மருந்து ஒன்று என இரண்டு வகை உண்டு. தடுப்பு மருந்து பிள்ளை நன்றாக இருக்கும்போதும் நாளாந்தம் எடுப்பது, அதை இருமல் நின்றதும் நிறுத்துவதால்தான் அடுத்த மழைக்குத் திரும்ப வருகிறது. அடித்த பிறகு வாய் கொப்பளிக்கவேண்டும், மாஸ்க் போடுகிற குழந்தைக்கு முகத்தைத் துடைத்துவிடவேண்டும்.

சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசர், அதாவது பம்பையும் வாயையும் இணைக்கும் பிளாஸ்டிக் குழாய், கட்டாயம், நாலு வயதளவு வரை மாஸ்கோடு. மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க, ஒரு தரம் அடித்து, பிள்ளை ஐந்தாறு தரம் சாதாரணமாக மூச்சு விடட்டும், பிறகு அடுத்தது. இரண்டு தரத்தையும் ஒன்றாகச் சேர்த்து அடித்தால் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடும். ஸ்பேசரை மாதம் ஒரு தரம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணியில் ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்துக்கொள்ளும்.

இரவு இருமலுக்கெல்லாம் ஓடிப்போய் நெபுலைஸ் பண்ணுவது, அதாவது மெஷினால் மருந்தைப் புகையாக்கிப் பிடிப்பது, எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. சாதாரண இழுப்புக்கு வீட்டில் ஸ்பேசரோடு முறையாக அடிப்பதும் அதே அளவுக்குக் கேட்கும். டொக்டரிடம் “வருத்தம் கூடினால் எத்தனை தரம் அடிக்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்” என்று எழுதி வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள், இரவில் அப்பம்மாவோ வேறு யாராவதோ பார்க்கிறார்கள் என்றாலும் குழப்பம் வராது.

படுக்கை அறையில் என்ன மாற்றலாம்?

முதலில் நுளம்புச் சுருள். டெங்குப் பயத்தில் ஜன்னலை அடைத்து, சுருளைக் கட்டிலுக்குக் கீழே கொளுத்திவைத்துவிட்டுப் படுக்கிறோம். 2003ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். நுளம்பு வலை போடுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டுமென்றால் சாமி அறையோடு நிற்கட்டும், வெள்ளிக்கிழமை என்றாலும் பிள்ளை படுக்கும் அறைக்குள் தட்டைக் கொண்டுவரவேண்டாம். அப்பா பால்கனியில் நின்று சிகரெட் பிடித்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும், இதை வீட்டில் யாராவது ஒருவர் துணிந்து சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது மெத்தை. கொழும்பின் ஈரப்பதம் வருடம் முழுக்கத் தூசிப்பூச்சிக்குப் பிடித்த ஈரப்பதம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சிகள் பழைய தும்பு மெத்தையிலும் பஞ்சுத் தலையணையிலும் பஞ்சு பொம்மைகளிலும் நிறைய இருக்கும். விரிப்பையும் உறையையும் கிழமைக்கு ஒரு தரம் 60 பாகைச் சுடுதண்ணியில் கழுவினால் சாகும், வெறும் வெயிலில் காயப்போடுவது ஓரளவுக்குத்தான். கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள். ஃபேன் இறகுகளை மாதம் ஒரு தரமாவது துடையுங்கள், ஃபேன் காற்றால் தடிமன் வராது, அதில் இருக்கும் தூசிதான் பிரச்சினை. ஏசிக்கும் இதே கதை, ஃபில்டரைக் கழுவி, 25, 26ல் வைத்தால் போதும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கம் பழைய வீடுகளில் மழைக்குச் சுவர் ஊறிக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்து மறைத்தால் திரும்ப வரும், கசிவை நிறுத்தவேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரோடு பேசும்வரைக்காவது பிள்ளையின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். காற்றை ஈரமாக்கும் ஹியுமிடிஃபையர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள், இந்த ஊரில் அதற்குத் தேவையே இல்லை, பூஞ்சணமும் பூச்சியும்தான் கூடும்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று இந்தியப் பக்கத்திலிருந்து மாசைக் கொண்டுவரும். 2022 டிசம்பர் 9 அன்று இதனால் பாடசாலைகளையே மூடினார்கள். வானம் மங்கலாகத் தெரிகிற அந்த நாட்களில் காலையில் ஜன்னலை அடைத்துவைத்து, வெளியில் ஓடி விளையாடுவதைக் குறைப்பது இழுப்புப் பிள்ளைகளுக்கு நல்லது.

தலையை உயர்த்திப் படுக்கவைக்கலாமா?

ஒரு வயதுக்குள் வேண்டாம்: மட்டமான, இறுக்கமான படுக்கை, மல்லாந்து, தலையணை இல்லாமல். பெரிய பிள்ளைக்கு இன்னொரு தலையணை இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளட்டும். வாயைத் திறந்துகொண்டு சத்தமாகக் குறட்டை விடுகிற பிள்ளை என்றால் மூக்கின் பின்னால் உள்ள அடினோயிட் சதை வீங்கியிருக்கலாம், காட்டுங்கள்.

வாழைப்பழம், தயிர், ஐஸ்கிரீம், தலைமுழுக்கு?

இவற்றால் தடிமன் வராது, வைரஸால்தான் வரும். பசியில்லாமல் இருக்கிற பிள்ளை வாழைப்பழம் கேட்டால் கொடுங்கள். வியர்வையும் பிசுபிசுப்புமாக இருக்கிற பிள்ளையை இளஞ்சூட்டுத் தண்ணியில் குளிப்பாட்டித் துவட்டினால் நன்றாகத் தூங்கும்.

சளி பச்சையாக வருகிறது, அன்டிபயோட்டிக் வேண்டாமா?

நிறம் மாறுவது வைரஸ் தடிமனிலும் நடக்கும். போன தரம் மிஞ்சிய அமொக்சிலினைக் கொடுக்காதீர்கள்.

இருமலோடு காய்ச்சலும் இருந்தால்?

கொழும்பில் இருந்துகொண்டு எந்தக் காய்ச்சலையும் டெங்கு இல்லை என்று நாங்களாக முடிவுசெய்யக்கூடாது. பரசிட்டமோல் மட்டும், ஒரு தரத்துக்குப் பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம், 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் ஏறக்குறைய 6 மில்லிலீட்டர். இபுபுரோஃபென் வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும், தடிமன் அறிகுறி இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

காசநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் இருக்காது, ஆனால் கேட்கக் கூச்சப்படவேண்டாம். நாட்டில் அதிகமான காசநோயாளிகள் பதிவாகும் மாவட்டம் கொழும்புதான். பிறந்ததும் போடும் பீசிஜி ஊசி மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத்தான் நன்றாகத் தடுக்கும். இரண்டு கிழமைக்கு மேல் இருமலோடு எடை குறைவது, இரவில் வியர்ப்பது, விட்டுவிட்டுக் காய்ச்சல், அல்லது வீட்டில் ஒருவருக்கு, வேலைக்கு வருபவர் உட்பட, நீண்ட நாள் இருமல் இருந்தால் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காட்டலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

டொக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோகவேண்டும்?

ஃபோனில் எடுத்த வீடியோ. பிள்ளைகள் இரவெல்லாம் இருமிவிட்டு, டொக்டர் முன்னால் போனதும் சிரித்து விளையாடும், நீங்கள் சொல்வது மிகைப்படுத்தல் மாதிரித் தெரியும். இரவில் விளக்கைப் போட்டு, சட்டையைத் தூக்கி, நெஞ்சு தெரிய ஒரு நிமிடம் எடுங்கள், சத்தமும் மூச்சும் இரண்டும் அதில் இருக்கும். கூடவே எந்த நாள் தொடங்கியது, இரவில் எத்தனை மணிக்கு, இடையில் இருமல் இல்லாத நாள் இருந்ததா, என்ன மருந்து ஏற்கனவே கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்தும் பிறர் தந்த பாணியும் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், போத்தலையே கொண்டுபோனால் இன்னும் நல்லது. ஸ்பேசர் இருந்தால் அதையும் கொண்டுபோய், நீங்கள் வீட்டில் அடிக்கிற மாதிரியே டொக்டர் முன்னால் ஒரு தரம் அடித்துக் காட்டுங்கள்.